நடுத்தொட்டி பதில் சொல்லும்

எங்கள் ஊரில் அவளைச் சக்கரத்தக்கா என்றுதான் சொல்வார்கள். தொட்டிக்குத் தண்ணீர் திறந்துவிடும் இரும்புச் சக்கரம் அவள் பொறுப்பில் இருப்பதால் வந்த பெயர். அதற்கு முன்னால் அவள் தையல்காரி. பள்ளிச் சீருடை தைத்துத் தைத்து ஊரில் பாதிப் பிள்ளைகளின் தோள் அகலம் அவளுக்கு மனப்பாடம். இப்போதும் அளவு நாடா கழுத்தில்தான் தொங்கும். விளிம்பிலிருந்து தண்ணீர் எவ்வளவு கீழே நிற்கிறது என்று பார்க்க அலுவலகத்தில் ஒரு நீளக் கோல் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, நாடாவின் நுனியில் ஒரு இரும்பு நட்டைக் கட்டி இறக்குவாள். "இன்னிக்கு முப்பத்தாறு. நேத்தவிட ரெண்டு இஞ்ச் லூசு," என்பாள்.

நான் தொட்டி கழுவும் ஆட்களில் ஒருத்தி. எனக்கு வாய் நீளம் என்பது ஊரறிந்த விஷயம். அக்காவோ கேட்ட கேள்விக்கே பாதிப் பதில்தான் சொல்வாள். அவள் கதையை அவள் சொல்லப்போவதில்லை. அவளுடைய அண்ணனும் சொல்ல மாட்டார். மிச்சம் இருப்பது நான்தான். இதில் எனக்கும் பங்கு உண்டு. எது என் பங்கு என்பதை அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

மலைச்சரிவில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக மூன்று கல்தொட்டிகள். யார் வெட்டியது, எந்தக் காலம், ஒன்றும் தெரியாது. அலுவலகம் வைத்த பலகையில் 'மிகப் பழமையானது' என்று எழுதியிருக்கிறது. அதைச் சொல்ல ஒரு பலகை தேவையா என்று நான் கேட்டதற்கு மேலதிகாரி என்னிடம் ஒரு மாதம் பேசவில்லை. மேல்தொட்டி திறந்த தொட்டி, ஊற்று நேராக அதில் விழும். கீழ்த்தொட்டியும் திறந்ததுதான், வீடுகளை ஒட்டி இருக்கிறது. நடுத்தொட்டி மட்டும் முழுக்க மூடியது. உள்ளே இருபத்துநான்கு கல்தூண்கள், மேலே பலகைக்கல் கூரை, ஒரு ஆள் மட்டும் இறங்கக்கூடிய ஒரே ஒரு வாய். டார்ச் அடித்தால் முதல் வரிசைத் தூண் வரைதான் வெளிச்சம் போகும். அதற்கப்பால் இருட்டு. பேசினால் குரல் இரண்டு தூண் தாண்டாது. உள்ளே வேலை செய்யும்போது நாங்கள் பேசிக்கொள்வதே இல்லை. வாயை மூடாத நான்கூட அங்கே மூடிக்கொள்வேன்.

வருஷத்துக்கு இரண்டு தடவை கழுவுவோம். அதற்கென்று ஒரு முறை உண்டு. இறங்குகிறவர் ஒவ்வொருவரும் தொட்டி வாயின் ஓரத்தில் ஒரு கூழாங்கல்லை வைத்துவிட்டு இறங்க வேண்டும். ஏறி வந்ததும் தன் கல்லைத் தானே எடுத்துவிட வேண்டும். ஓரத்தில் கல் இல்லை என்றால் உள்ளே ஆள் இல்லை. கடைசி ஆள் வடிகாலுக்கு மரக்கட்டையால் அடைப்பு வைத்து, கொட்டாப்புளியால் அடித்து இறுக்குவார். கொட்டாப்புளி என்றால் பெரிய மரச்சுத்தியல். பிறகு ஏணியை இழுத்து வெளியே போட்டு, வாயைக் கல்லால் மூடுவோம்.

இதற்குப் பிறகும் ஒரு சோதனை இருக்கிறது. பாறை வளைவுக்கு அப்பால், மேல்தொட்டிக்கும் நடுத்தொட்டிக்கும் இடையில் சக்கர அறை. அங்கிருந்து ஒரு இரும்புக் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு நடுத்தொட்டிக்குள் போகிறது. சக்கரக்காரர் கம்பியால் அதில் மூன்று தடவை தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். உள்ளே யாராவது இருந்தால் திருப்பித் தட்டுவார்கள். சத்தம் வரவில்லை என்றால் சக்கரத்தைத் திருப்பலாம். நாற்பது நிமிடத்தில் தொட்டி கூரைமட்டம் நிறையும்.

இவ்வளவும் சரிதான். ஆனால் நடுத்தொட்டி தானாகவே பதில் சொல்லும் என்று எங்கள் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. தட்டினால் கல் திருப்பித் தட்டும், கண்டுகொள்ள வேண்டாம் என்று ஒரு சக்கரக்காரர் அடுத்தவரிடம் சொல்லிச் சொல்லி வந்தது. எப்போதோ யாருக்கோ எதுவோ கேட்டிருக்கலாம். மற்ற இரண்டு தொட்டிகளில் யாராவது கல்லால் தட்டினாலே ஓடிப்போய்ப் பார்ப்போம். நடுத்தொட்டியில் கேட்டால் சிரித்துக்கொண்டே சக்கரத்தைத் திருப்பிவிடுவோம். பதிலை நம்பப்போவதில்லை என்றால் எதற்குத் தட்ட வேண்டும் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. வாய் நீளமான நானும் கேட்கவில்லை.

அக்காவின் கணவரைக் கொட்டாப்புளி என்றுதான் கூப்பிடுவோம். அடைப்பு இறுக்குவது அவர் வேலை. அதில் அவருக்கு ஒருபோதும் திருப்தி வந்ததில்லை. கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பவும் போய் இழுத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்களே, அந்த ஜாதி. அன்றைக்குச் சக்கரத்தில் இருந்தவர் அக்காவின் அண்ணன். தங்கைக்கு இந்த மாப்பிள்ளையைப் பார்த்து முடித்து வைத்தவரே அவர்தான். ஒரே இடத்தில் வேலை, ஒரே சுவர் வீடு. மைத்துனரை வம்புக்கு இழுக்காமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அன்று கழுவி முடித்து எல்லோரும் ஏறிவிட்டோம். கொட்டாப்புளியும் ஏறித் தன் கல்லை எடுத்துவிட்டார். நான் ஓடையில் வாளி கழுவிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அவருக்கு அடைப்பின் மேல் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இன்னும் ஒரு அடி போட்டுவிட்டு வந்துவிடலாம், ஒரு நிமிஷ வேலைக்குக் கல் எதற்கு என்று நினைத்திருப்பார். நான் திரும்பி வந்து பார்த்தேன். ஓரத்தில் கல் இல்லை. ஏணியை இழுத்தேன். இன்னொருவனோடு சேர்ந்து வாயை மூடினேன். குனிந்து ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. இது என் பங்கில் ஒன்று.

சக்கர அறையில் அண்ணன் தட்டினார். பதில் வந்தது. சக்கரத்தைத் திருப்பினார்.

சாயங்காலம் வீட்டில் ஆளைக் காணோம் என்று தேடி, தொட்டியை வடித்தபோதுதான் கிடைத்தார். நெற்றியில் காயம் இருந்தது. முதல் தண்ணீர் வந்து விழுந்த வேகத்தில் தூணில் மோதியிருப்பார், அப்போதே நினைவு போயிருக்கும், ஒன்றும் தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். ஊரே அக்காவிடம் அதைச் சொன்னது. நானும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அதையேதான் சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

கணவர் வேலை மனைவிக்கு வந்தது. பெருக்குகிற வேலையோ கோப்பு அடுக்குகிற வேலையோ தருகிறோம் என்றார்கள். அவள் சக்கரத்தைக் கேட்டாள். மேலதிகாரி ஆடிப்போனார். "யோசிச்சுச் சொல்லும்மா," என்றார். "யோசிச்சுட்டுத்தான் வந்தேன்," என்றாள். அண்ணன் அதற்குள் சக்கரத்தை விட்டுவிட்டுப் புகார் ஜன்னலுக்கு மாற்றல் வாங்கியிருந்தார். அன்றிலிருந்து ஊர்த்தண்ணீரை அவர் வாயில் வைப்பதில்லை. மலைக்கு அந்தப்பக்கம் ஓடைக்குப் போய் கேனில் பிடித்துக்கொண்டு வருவார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று புகார் சொல்ல வருகிறவர்கள் அந்தக் கேனை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

ஊரும் விடவில்லை. காலையில் தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாய்களில் காற்று அடைத்து டொக் டொக் என்று சத்தம் வரும். எல்லா ஊரிலும் வருவதுதான். எங்கள் ஊரில் அந்தச் சத்தம் கேட்டால் பெண்கள் குழாயை மூடிவிட்டு, நின்றபிறகு திறப்பார்கள். ஒரு நாள் காலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் சமையலறையில் குழாய் தட்டிக்கொண்டிருந்தது. அவள் கரண்டியை எடுத்துக் குழாயில் மெதுவாக மூன்று தட்டு தட்டினாள். தினமும் செய்கிற காரியம்போல் செய்தாள். நான் காபி கேட்க வந்ததையே மறந்துவிட்டேன்.

முதல் தடவை அவள் சக்கரத்தில் நின்ற மறுநாள், அண்ணன் ஜன்னலுக்குள்ளிருந்து அவளைக் கூப்பிட்டார்.

"தட்டினியா?"

"தட்டினேண்ணா."

"சொல்லுச்சா?"

"சொல்லுச்சு."

அவர் முகத்தில் ரத்தம் திரும்பியதை நான் பார்த்தேன். தொட்டி தானாகப் பதில் சொல்லும் என்றால் அவர் கேட்டது கல்லின் சத்தம். அப்படியானால் அவர் செய்தது விபத்து, யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள். தொட்டி சொல்லாது என்றால் அவர் கேட்டது மாப்பிள்ளையின் கை. கேட்டும் திறந்துவிட்டார் என்று ஆகிவிடும். அவருடைய சோறும் தூக்கமும் அந்த ஒரு வார்த்தையில்தான் ஓடிக்கொண்டிருந்தன. வருஷம் இரண்டு தடவை கேட்பார். வருஷம் இரண்டு தடவை அவள் "சொல்லுச்சு" என்பாள்.

மூன்றாம் வருஷம் நான் சக்கர அறையில் அவள் பக்கத்தில் நின்றேன். அவள் மூன்று தடவை தட்டினாள். காத்திருந்தாள். நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினாள். குழாய் சும்மா கிடந்தது.

"என்னக்கா, இன்னிக்கு மௌன விரதமா?" என்றேன். பயம் வந்தால் எனக்கு இப்படித்தான் ஏதாவது வாயில் வந்துவிடும்.

"ஒரு நாளும் சொன்னதில்ல," என்றாள். "அண்ணன்கிட்ட வாயத் தொறந்த, உன்ன விடமாட்டேன்."

நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே அது அதிசயம்தான். ஆனால் அதற்குப் பிறகு என்னால் சரியாகத் தூங்க முடியவில்லை. ஏணியை இழுத்தபோது என் கைக்கு அது கனமாக இருந்ததா, லேசாக இருந்ததா என்று யோசித்துக்கொண்டே கிடப்பேன்.

இப்படியே ஒன்பது வருஷம். அண்ணனுக்கு ஓய்வு பெற மூன்று வாரம் இருந்தது. கழுவும் நாளுக்கு முந்தின நாள் ஜன்னலைவிட்டு எழுந்து எங்கள் ஷெட்டுக்கே வந்துவிட்டார். முழங்கால் வலியோடு நடந்து வந்தவர் உட்காரவில்லை.

"நாளைக்கு நான் வரேன்மா. ஒரு தடவை நானே தட்டிப் பாக்கணும். அப்புறம் நிம்மதியா வீட்ல உக்காந்துடுவேன்."

அக்கா கழுத்து நாடாவின் நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள். பிறகு, "வாங்கண்ணா," என்றாள்.

அவர் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "என்னக்கா இது, வாங்கன்னு சொல்லிட்ட? தட்டிட்டு ஒண்ணும் கேக்கலன்னா அந்த மனுஷன் அங்கயே உக்காந்துடுவாரு. அப்புறம் எழுந்திருக்க மாட்டாரு."

"கேக்கும்."

"எப்படிக் கேக்கும்?"

"நான் உள்ள இருப்பேன்."

"பைத்தியம் பிடிச்சிருக்கா உனக்கு? சக்கரம் யார் கையில இருக்கும், நெனச்சுப் பாத்தியா? அதே ஆள், அதே அறை. பதில் கேட்டதும் பழக்க தோஷத்துல திருப்பிட்டார்னா?"

"சக்கரத்துக்குச் சங்கிலி போட்டுப் பூட்டு. சாவி உன்கிட்ட இருக்கட்டும். ஏணியும் அப்படியே இருக்கட்டும், வாயை மூட வேண்டாம். உன்னத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது." கழுத்திலிருந்த நாடாவைச் சுருட்டி என் கையில் வைத்தாள். "நனைஞ்சா சுருங்கிடும்," என்றாள்.

மறுநாள் மலை முழுக்க பனிமூட்டம். கழுவி முடித்து, மற்றவர்களை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். அக்கா கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டு அடைப்பு இறுக்க இறங்கினாள். ஓரத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டுத்தான் இறங்கினாள். நான் அந்தக் கல்லை இரண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுச் சக்கர அறைக்கு ஓடினேன். சாவி என் இடுப்பில் இருந்தது.

அண்ணன் ஏற்கெனவே வந்திருந்தார். நல்ல சட்டை போட்டு, தலை சீவி, எங்கோ விசேஷத்துக்குக் கிளம்பியவர்போல் இருந்தார். "அவ எங்க?" என்றார். "அடைப்பு பாத்துட்டு வருவா, நீங்க தட்டுங்கண்ணா," என்றேன். பாதி உண்மைதான்.

கம்பியை எடுத்தார். டங், டங், டங். இரும்பின் சத்தம் குழாய்க்குள் ஓடி அடங்கியது. நான் மனதுக்குள் எண்ணினேன். நான்கு எண்ணுவதற்குள் உள்ளேயிருந்து வந்தது. டொக். டொக். டொக்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. "பாத்தீங்களாண்ணா, எவ்வளவு தெளிவா சொல்லுது," என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்தது இல்லை. கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு தடவை, ஒரே ஒரு தட்டு தட்டினார். உள்ளேயிருந்தும் ஒரே ஒரு தட்டு வந்தது.

"நான் எதால தட்டினேன்?" என்று கேட்டார்.

"கம்பியாலதாண்ணா."

"இரும்பால தட்டினா இரும்பு சத்தம்தானே திரும்பி வரணும்? இது மரம்."

ஒன்பது வருஷம் பொய்யை இஸ்திரி போட்டு மடித்து வைத்தவள், கையில் இருந்த கொட்டாப்புளியை யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

"அன்னிக்கும் மரம்தான்," என்றார் அவர். "அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுது. காதுக்குத் தெரிஞ்சுது. இல்ல, இரும்புதான், இரும்புதான்னு இத்தனை வருஷமா சொல்லிட்டிருந்தேன்." கம்பியைக் கீழே வைத்தார். சக்கரத்திலிருந்து விலகி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு நின்றார். "அவதானே உள்ள? கூப்பிடு. முதல்ல அவள மேல கூப்பிடு."

நான் ஓடினேன். அக்கா ஏறித் தன் கல்லை எடுத்தாள், என்னோடு வந்தாள். வாசலில் நின்று அண்ணனைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஒரு தடவையாவது சொல்லுச்சாம்மா?" என்றார்.

"இல்லண்ணா."

அவள் உள்ளே வந்து அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு கேள்விதான் கேட்டாள். அதைக் கேட்கத்தான் ஒன்பது வருஷமாக அந்தச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"எத்தனை தடவை தட்டினார்?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"முதல்ல மூணு," என்றார். "நான் திருப்பிட்டேன். தண்ணி விழற சத்தத்துக்கு நடுவுலயும் கேட்டுச்சு. மூணு மூணா கேட்டுச்சு. தொட்டிக்கு இன்னிக்குப் பேச்சு ஜாஸ்தின்னு சொன்னேன்."

"யார்கிட்ட?"

"என்கிட்டக்கா," என்றேன். ஏணி எடுத்தாச்சு, வாய் மூடியாச்சு என்று சொல்ல அன்றைக்கு நான்தான் சக்கர அறைக்கு வந்திருந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்தக் கதையை ஆரம்பிக்கும்போது உங்களிடமும் சொல்லவில்லை. "நான் சிரிச்சேன். அப்புறம் ரெண்டு பேரும் டீ குடிக்கப் போயிட்டோம்."

அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னவள் நான். அந்தக் கையை அவள் இப்போது பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள்.

"ஊருக்குத் தண்ணி விடணும்," என்றாள். "நீ போய் எறங்கிப் பாத்துட்டு ஏணிய இழு. ஒவ்வொரு தூணா பாரு."

நான் கல் வைத்துவிட்டு இறங்கினேன். இருபத்துநான்கு தூண்களையும் கையால் தொட்டேன். ஒவ்வொன்றின் பின்னாலும் டார்ச் அடித்தேன். கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நின்று, யாராவது இருக்கீங்களா என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஏறி வந்து, கல்லை எடுத்து, ஏணியை இழுத்து, வாயை மூட அலுவலகத்திலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தேன்.

சக்கர அறைக்குத் திரும்பிச் சாவியைக் கொடுத்தேன். அக்கா பூட்டைத் திறந்தாள். கம்பியை எடுத்து மூன்று தடவை தட்டினாள். அண்ணன் குழாயில் காது வைத்திருந்தார். மூவரும் காத்திருந்தோம்.

"ஒண்ணும் கேக்கலம்மா," என்றார் அவர்.

அவள் இன்னும் கொஞ்சம் காத்திருந்துவிட்டுச் சக்கரத்தைத் திருப்பினாள். தண்ணீர் விழத் தொடங்கியது. அண்ணன் காதை எடுக்கவில்லை. அவள் போகச் சொல்லவில்லை, நாங்களும் போகவில்லை. தொட்டி நிறையும்வரை யாரும் ஒரு வார்த்தை பேசாமல் அங்கேயே நின்றோம். நாற்பது நிமிடம் என்பது எவ்வளவு நேரம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.